கோரிமேடு பக்கம் ஒரு டூவீலர் பட்டறை: ஆறு பேர், ஆறு பேருமே முதலாளிகள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் ரோட்டில், கோரிமேடு வருவதற்குள் ஒரு டூவீலர் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் வேப்பமரம், போர்டில் பழைய முதலாளியின் பெயர். அந்த முதலாளி இப்போது அங்கே வருவதில்லை. வேலை செய்கிற ஆறு பேரும் சேர்ந்து கடையை வாங்கிவிட்டார்கள். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "இப்பவே வண்டி நிறுத்த எடமில்லீங்க்கா, வேண்டாம்" என்றார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். தேவைப்படுகிறவர்கள் வேப்பமரத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

நான் கணக்கு எழுதுகிறவள். ஏற்காட்டில் சில காபி எஸ்டேட்டுகளுக்கும் ஒன்றிரண்டு காட்டேஜ்களுக்கும் ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. அதனால் வாரத்தில் பாதி நாள் ஸ்கூட்டரில் மலை ஏறி இறங்குகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு. பைக்காக இருந்தால் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினை நம்பி இறங்கலாம். ஸ்கூட்டரில் அது நடக்காது, பெரும்பாலான பாரமும் பிரேக்கின் தலையில்தான் விழும். பிரேக் ஷூ சூடேறிச் சூடேறி மேல்பரப்பு வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஏறும்போது வேறு தொல்லை. ஸ்கூட்டரில் கியர் வேலையைச் செய்கிற ரோலர் தேய்ந்து பெல்ட்டும் தளர்ந்துவிட்டால் பாதி மலையிலேயே வண்டி முனக ஆரம்பிக்கும்.

முன்பு டவுனுக்குள் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஏசி ஹால், காபி மெஷின், டோக்கன் எல்லாம் உண்டு. ஒவ்வொரு முறையும் புதுப் பையன் வருவான், ஒவ்வொரு முறையும் பிரேக் ஷூ மாற்றுவான். இந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்தப் பட்டறையில் பெரிய மேஸ்திரி பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மேல போற வண்டிங்களா?" ஷூவை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல இன்னும் சரக்கு இருக்குங்க" என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டிரம்மையும் துடைத்து, திரும்ப மாட்டினார். மாற்றியது ரோலரையும் பெல்ட்டையும் மட்டும். பழைய ரோலர்களைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. லேபர் 450 ரூபாய், ஸ்பேர்ஸ் தனி பில். கூடவே, இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு வராமல் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லி ஒரு வகுப்பு.

வேலை சுத்தமாக இருக்கிறது. சேலத்தில் சுத்தமாக வேலை செய்கிற மெக்கானிக் இவர்கள் மட்டும் இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஜாப் கார்டில் இருந்த இரண்டாவது கையெழுத்து. வேலை செய்தவர் ஒரு கையெழுத்து, ஓட்டிப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று அவர்களுக்குள் விதி. இதை யார் போட்டது என்று கேட்டேன். ஸ்பேர்ஸ் பார்க்கிற அக்கா சுவரைக் காட்டினார்.

சுவரில் வெள்ளைப் பலகை. மாதக் கணக்கு மொத்தமும் அதில் இருக்கிறது: வரவு, வாடகை, கரண்ட், ஸ்பேர்ஸ் கடைப் பாக்கி, பழைய முதலாளிக்குத் தவணை, கையிருப்பு. கடைசியில் ஒரு வரி, "திரும்பி வந்தவை". சர்வீஸ் செய்த வண்டி அதே கோளாறோடு 15 நாளுக்குள் திரும்பி வந்தால் லேபர் இலவசம். அந்த நேரத்துக்கான கூலி பொதுப் பணத்தில் கழியும், அதாவது ஆறு பேர் பங்கிலும். அதனால் ஒருவர் நட்டைச் சரியாக முடுக்கினாரா என்பது மற்ற ஐந்து பேரின் கவலையாகிவிட்டது. முதலாளி காலத்தில் இதே தவறுக்கு அவர் கத்துவார், பையன் தலையைக் குனிந்துகொள்வான், அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவான். எஸ்டேட் ஆபீஸ்களில் மேற்பார்வைக்கென்றே தனியாக ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே அந்தச் செலவுத் தலைப்பே கிடையாது.

கடை கைமாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு முட்டி வலி, மகன் பெங்களூரில். ஒரு ஹார்டுவேர் வியாபாரி இடத்தைக் கேட்டார். ஸ்பேர்ஸ் அக்காதான், "எங்களுக்கே குடுத்துருங்கண்ணா" என்று ஆரம்பித்திருக்கிறார். கையில் பணம் கிடையாது. நகையை வைத்துக் கட்டிட அட்வான்ஸ் மட்டும் புரட்டினார்கள். கருவிகள், ஸ்பேர்ஸ் சரக்கு, கடையின் பெயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை பேசி, அதைக் கடை வருமானத்திலிருந்தே ஐந்து வருடம் மாதத் தவணையாகக் கொடுப்பதாக ஒப்பந்தம். முதலாளிக்குப் பணம் மெதுவாகத்தான் வரும். ஆனால் சரக்கை மட்டும் எடைக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லூயி கெல்சோ என்ற அமெரிக்க வக்கீல் 1956இல் கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்குச் செய்துகொடுத்ததும் இதே ஏற்பாடுதான். வயதான உரிமையாளர்கள் விலக நினைத்தார்கள், ஊழியர்களிடம் பணம் இல்லை. கம்பெனி இனிமேல் சம்பாதிக்கப்போகிற லாபத்தை வைத்தே கம்பெனியை ஊழியர்கள் வாங்குகிற மாதிரி ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். 1974இல் அதற்கு அங்கே சட்ட அங்கீகாரமும் வரிச் சலுகையும் வந்தன. இன்றைக்கும் அந்த ஊரில் இந்த வழியைப் பிடிக்கிறவர்களில் பெரும்பங்கு ஓய்வு பெறப் பார்க்கும் முதலாளிகள்தான். கோரிமேட்டு அக்காவுக்குக் கெல்சோவைத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இவர்களுடையது சாதாரண கூட்டு நிறுவனம், 1932ஆம் வருடச் சட்டப்படி பதிவானது. வாரச் சம்பளம் ஆளுக்கு ஆள் வேறு. பெரிய மேஸ்திரிக்கு அதிகம், வாட்டர் வாஷ் தம்பிக்குக் குறைவு. போட்ட முதலுக்கு 12 சதவீதம் வட்டி, வருமான வரிக் கணக்கில் ஒத்துக்கொள்கிற உச்ச அளவு அது. இவை போக மிஞ்சுகிற லாபத்தில் ஒரு பகுதி கையிருப்புக்கு, மீதி ஆறு பேருக்கும் சமம். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு, லாபத்தில் சமம் என்ற இந்த ஏற்பாடு நல்ல மூளை. சம்பளத்தையும் சமமாக்கியிருந்தால் பெரிய மேஸ்திரி கிளம்பியிருப்பார். லாபத்தையும் ஏற்றத்தாழ்வாக வைத்திருந்தால் தம்பிக்கு அந்தப் பலகையைப் படிக்கவே தோன்றியிருக்காது. எனக்குள்ள பயம் ஒன்றுதான்: கூட்டு நிறுவனத்தில் கடையின் பெயரில் ஒருவர் கடன் வாங்கினாலும் எல்லாரும் பொறுப்பு, வீடுவாசல் வரைக்கும். போட்ட முதலோடு பொறுப்பு நின்றுவிடுகிற எல்எல்பியாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "அதுக்கு வருசா வருசம் ஆடிட்டர் ஃபீசு யாருங்க்கா குடுக்கறது?" என்று அக்கா கேட்டார். ஃபீஸ் வாங்குகிற பக்கம் இருப்பவள் நான், மேற்கொண்டு பேசவில்லை.

சரி, வேலை செய்கிறவனே முதலாளியானால் வியாபாரம் தானாக நன்றாகிவிடுமா? எஸ்டேட் நிர்வாகிகள் சிலர் இதைக் கேட்டால் 'யுனைடெட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸில் 1994இல் பைலட்டுகளும் மெக்கானிக்குகளும் இன்னும் பலரும் சம்பளத்தை விட்டுக்கொடுத்துக் கம்பெனியின் 55 சதவீதப் பங்கை வாங்கினார்கள். விமானப் பணிப்பெண்கள் சங்கம் சேரவில்லை. 2000ஆம் வருடக் கோடையில் அதே பைலட்டுகள் ஓவர்டைம் பார்க்க மறுத்து விமானங்கள் வரிசையாக ரத்தாயின. 2002 டிசம்பரில் திவால். பங்கு வெறும் காகிதமானது. ஆனால் அங்கே பைலட்டுக்குப் பங்கு வந்ததே தவிர, அன்றாட வேலையில் பேச்சுரிமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 1987இல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஊழியருக்குப் பங்கு கொடுத்ததால் மட்டும் லாபமோ உற்பத்தித்திறனோ கூடியதற்கு அவர்களுக்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை. முடிவெடுப்பதில் ஊழியருக்கும் இடம் கொடுத்த கம்பெனிகளில் மட்டும் உற்பத்தித்திறன் கூடியிருந்தது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், மூணாறு இருக்கிறது. மலைத்தோட்டக் கணக்கு எழுதுகிற யாரும் அந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது. டாடா டீ மூணாறுத் தேயிலைத் தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகியபோது, 2005இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி வந்தது. பங்குகளில் பெரும்பகுதி அங்கே வேலை செய்கிற 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைக்குப் போனது. அதில் ஏராளமானவர்கள் தலைமுறைகளுக்கு முன் நம் பக்கத்திலிருந்து மலையேறிப் போன தமிழர்கள். கொழுந்து பறிக்கிற பெண் பங்குதாரர். நஷ்டத்திலிருந்த தோட்டங்கள் புதிய கம்பெனியின் கையில் லாபத்துக்குத் திரும்பின. ஊழியர் கம்பெனிக்கு நல்ல உதாரணம் என்று எல்லாரும் எழுதினார்கள்.

பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பரில், அதே பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது, அவர்கள் 20 கேட்டார்கள். அப்போது தினக்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடாமல் 'பெண்கள் ஒருமை' என்று தாங்களே திரண்டார்கள், கேரளத்தில் 'பெம்பிளை ஒருமை' என்று அது இன்றைக்கும் பேசப்படுகிறது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று கூட்டி அந்த 20 கிடைத்தது. அடுத்த மாதம் தினக்கூலி 301 ஆனது.

தேயிலை விலை விழுந்திருந்தது, கம்பெனியின் லாபமும் இறங்கியிருந்தது. முதலாளியின் கணக்கில் பார்த்தால் போனஸைக் குறைப்பது இயல்புதான். ஆனால் அந்தப் பெண்களும் முதலாளிகள். அவர்களிடம் ஏன் அந்தக் கணக்கு செல்லவில்லை? என் அபிப்பிராயம் இது: பீரோவில் இருக்கிற சில நூறு பங்குகள் தரும் டிவிடெண்டு, தினக்கூலிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. கொழுந்து மூட்டையை எடை போடும்போதும், லயத்து வீட்டுக் கூரை ஒழுகும்போதும் அவர் தொழிலாளிதான். ஆண்டறிக்கை ஒன்று வரும்போது மட்டும் பங்குதாரர். லாபம் விழுந்த வருடம் நெருங்கி வருவது அவருக்கு மாதா மாதம் தெரிந்திருந்தால் செப்டம்பர் அந்த மாதிரி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கோரிமேட்டில் மழைக்காலத்தில் வண்டிகள் வராத மாதங்களில் பங்கு எதுவும் கிடையாது. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் பலகை அதை முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தது.

ஆறு பேருக்குப் பலகை போதும், ஆயிரம் பேருக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். கேரளத்தில் வடகரைப் பக்கத்து ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1925இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலில் தொடங்கியது. கூலி வேலை மறுக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து ரோடு போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பேர், பாலம், மேம்பாலம், கோழிக்கோட்டில் ஐடி பார்க் வரை வந்துவிட்டார்கள். இயக்குநர்கள் வேலை செய்கிற உறுப்பினர்களிடமிருந்தே தேர்வாகி வருகிறவர்கள். ஆக, எண்ணிக்கை ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பட்டறைக்குத் திரும்புகிறேன், குறைகளும் இருக்கின்றன. முதல் குறை ஸ்கேனர். என் வண்டி பழைய புகை விதியான பிஎஸ்4, பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கார்புரேட்டர் இருக்கிற வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் பெட்ரோலை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அளந்து விடும், இன்ஜின் லைட் எரிந்தால் அது சொல்கிற கோளாறைப் படிக்க ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்கவேண்டும். இவர்களிடம் ஸ்கேனர் இல்லை. அந்த வண்டிகளை ஐந்து ரோட்டுப் பக்கம் தெரிந்த கடைக்கு அனுப்பிவிட்டு ஒரு நாள் காத்திருக்கிறார்கள். வாங்க முடியாத விலையும் இல்லை. இளைய மெக்கானிக்குகள் இருவர் வாங்கலாம் என்கிறார்கள். பெரிய மேஸ்திரி இன்னும் மூன்று நான்கு வருடத்தில் ஓய்வெடுக்கப் போகிறவர். இப்போது போடுகிற பணத்துக்குப் பலன் வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, "பார்க்கலாம், அவசரமில்ல" என்கிறார், பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. தொழிலாளிகளே நடத்தும் நிறுவனங்களைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் வைக்கிற பெரிய குற்றச்சாட்டு இதுதான்: லாபத்தைப் பிரித்துக்கொள்ளத் தோன்றும், முதலீட்டுக்குக் கை வராது. ஒற்றை முதலாளி என்றால் மகனுக்காகவாவது வாங்கிப் போட்டிருப்பார்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இவர்களுடைய கூட்டு நிறுவனப் பத்திரத்தில் இருக்கிறது. ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு என்ன விலை, எத்தனை தவணையில் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அக்கா பத்திரத்தைக் காட்டியபோது இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். பெரிய மேஸ்திரி கிளம்புகிற அன்று மொத்தக் கையிருப்பும் காலியாகலாம். ஊழியர் பங்கு வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனிகளில் நிதி அதிகாரிகளுக்குத் தூக்கம் கெடுவதும் இதே விஷயத்தில்தான்; ஓய்வு பெறுகிறவர்களின் பங்கைத் திரும்ப வாங்கப் பணம் ஒதுக்கி வைத்தே ஆகவேண்டும். அக்காவிடம் ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு பேரும் படித்துவிட்டுச் சொல்கிறார்களாம்.

"ஆறு பேரும் படிச்சுட்டு சொல்றோம்" என்பது இந்தக் கடையில் அடிக்கடி கேட்கிற வசனம். வழக்கத்துக்கு மாறாக எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. ஒரு எஸ்டேட்டின் வண்டிகள் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்குப் பதில் வருவதற்குள் அந்த எஸ்டேட் வேறு கடையைப் பிடித்துவிட்டது.

ஏழாவதாக ஒரு பையன் இருக்கிறான், ஐடிஐ முடித்துவிட்டு வந்தவன். சம்பளம் மட்டும்தான், பங்கு இல்லை, பலகைக்குப் பக்கத்தில் அவன் நிற்பதையும் நான் பார்த்ததில்லை. "இன்னும் வேலை பழகட்டுங்க்கா" என்கிறார்கள். முதலாளிகளும் அப்படித்தான் பேசுவார்கள். மற்றபடி ஆறு பேரில் ஒருவர்கூட இதுவரை கடையை விட்டுப் போகவில்லை, இந்தத் தொழிலில் அது அதிசயம். ஊழியர் பங்குள்ள கம்பெனிகளில் ஆட்குறைப்பு குறைவு, ஆட்கள் நிலைத்து நிற்பார்கள் என்று ஆய்வுகள் சொல்வதை நம்ப எனக்கு இங்கே கஷ்டமாக இல்லை. என் வண்டியின் நோய் முழுக்கத் தெரிந்த ஆள் அடுத்த முறையும் அங்கே இருக்கிறார் என்பதே எனக்கு 450 ரூபாய்க்கு மேல் பெறும்.

பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அக்கா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார், அங்கே போகலாம். கையிருப்புப் பணத்தில் முதலில் கட்டவேண்டியது அதுதான் என்று பலகையின் ஓரத்தில் நானே எழுதிவிட்டு வந்தேன், யாரும் அழிக்கவில்லை. வாட்டர் வாஷ் சுமார். சக்கர இடுக்குச் சேறு அப்படியே இருக்கும்.

கார்புரேட்டர் வண்டி, மலை ஏறி இறங்குகிற வண்டி வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பிரேக், பெல்ட், டயர் வேலை என்றால் போகலாம், இன்ஜின் லைட் எரிந்தால் இப்போதைக்கு வேண்டாம். காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், வண்டியை விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் போகாதீர்கள், ஆறு பேரும் பலகை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கடை மூடியிருக்கும். எத்தனை நாள் என்பதை அந்தந்த வருடம் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள், போன் செய்துவிட்டுப் போங்கள்.